இரண்டு கல்யாணமும் ஒரு போர்ட்ஃபோலியோவும்

குருவைத் தேடிப் போகிறவர் மலையேற வேண்டும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இது பிழை. பிழை என்பதோடு முழங்காலுக்கும் கேடு. இவ்வகைக் கதைகளைப் பொறுமையாகப் பரிசீலித்தவர்களுக்கு ஒன்று புலப்படும்: மலையுச்சியில் இருந்த குருமார்களைவிட, சோற்று வாசனை எட்டும் தூரத்தில் இருந்தவர்களிடமே கேள்வி கேட்க ஆள் வந்திருக்கிறது.

குருவுக்கு வெண்தாடி இருக்கும், சீடர் அவரைவிட வயதில் சிறியவராக இருப்பார் என்பவையும் இதே வகைப் பிழைகள். இவற்றையும் இங்கேயே திருத்திவிடுவது நல்லது. இந்தக் கதையின் குருவுக்கு முப்பத்தோரு வயது. பெயர் பவளக்கொடி. தாடி கிடையாது. சீடருக்கு நாற்பத்து நான்கு. பெயர் தனிஸ்லாஸ். தாடி உண்டு. வேலை போன பிறகு வளர்ந்தது.

பவளக்கொடியின் அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. மேல் ஹால் ஒன்று, கீழ் ஹால் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனிப் பந்திக்கூடம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் கீழ்ப் பந்திக்கூடத்தின் நீள மேஜையில், கடைசி மின்விசிறிக்கு அடியில், பவளக்கொடி மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார். வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு வடிவமைப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துத் தருவது அவருடைய வேலை. காலை முழுக்க முன்பின் தெரியாதவர்களின் விண்ணப்பங்களைப் பார்ப்பார். மாலையில், வேலை தேடும் உள்ளூர்க்காரர்கள் தங்கள் வேலைகளைத் தொகுத்து எடுத்துக்கொண்டு அவரிடம் வருவார்கள். அந்தத் தொகுப்புக்குத்தான் போர்ட்ஃபோலியோ என்று பெயர். அவர் கட்டணம் வாங்குவதில்லை. வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டும் விதி. எல்லோரும் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

தனிஸ்லாஸ் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்.

"உக்காருங்கண்ணே. சாப்பிட்டீங்களா?"

"சாப்பாடு இறங்கலை டீச்சர்."

"வேலை போய் ரொம்ப நாளாச்சா?"

"சென்னையில நான் இருந்த டிசைன் ஸ்டுடியோவை மூடிட்டாங்க. ஊருக்கு வந்ததுல இருந்து விண்ணப்பம் போட்டுக்கிட்டே இருக்கேன். முடியாதுன்னுகூட ஒருத்தரும் பதில் போடல. இப்ப மதுரையில ஒரு கம்பெனி ஆள் கேட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்கு டோக்கன் எடுக்கிற செயலி பண்றாங்க. வர்ற திங்கக்கிழமை கடைசி நாள். இதுவும் இல்லேன்னா மச்சானோட டைல்ஸ் கடைக்குப் போகணும். வீட்டுல பேசி முடிச்சுட்டாங்க."

"டைல்ஸ் கடை மோசமான இடமா?"

"அப்படிச் சொல்லல. ரெண்டு டைல்ஸோட ஓரம் சரியாச் சேரலேன்னா எனக்குத் தூக்கம் வராது. அங்க வர்றவங்க எல்லாரும் பூப்போட்டதைத்தான் கேக்குறாங்க."

குரு தலையசைத்தார். துயரத்தின் ஆழம் அவருக்குப் புரிந்தது.

தனிஸ்லாஸ் தன் மடிக்கணினியைத் திறந்து, திரையைத் துடைத்து, குருவின் பக்கம் மெதுவாகத் திருப்பினார். குரு அதைப் பார்க்கவில்லை.

"லிங்க் அனுப்புங்க."

அனுப்பினார். குரு இடது கையில் கைபேசியும் வலது கையில் டீயுமாக எழுந்தார். கட்டைவிரல் திரையை மேலே தள்ளத் தொடங்கியது. அப்படியே சமையல்கட்டுக்கு நடந்து, "மாஸ்டர், நேத்து சாம்பார்ல புளி பத்தல," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். கட்டைவிரல் எங்கும் நிற்கவில்லை.

"பாத்துட்டேன்."

"அதுக்குள்ளயா? மாசக்கணக்கா உழைச்சது டீச்சர்!"

"நான் நல்லாவே பாத்திருக்கேன். மதுரை ஆபீஸ்ல பாக்குறவங்களுக்குப் புளிக்குப் பதிலா மீட்டிங் இருக்கும்."

தனிஸ்லாஸ் மடிக்கணினியை மூடினார். பிறகு, "ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்கு. உங்க படத்துல ஃபோனெல்லாம் ஏன் சாஞ்சே கிடக்கு? உடம்பு சரியில்லையா அதுங்களுக்கு?"

"அது காட்சிக்காக வைக்கிறது. மேகத்துக்கு மேல மிதக்கிற மாதிரி. எல்லாரும் அப்படித்தான் வைப்பாங்க."

"எல்லாரும் வச்ச ஃபோன்ல உங்க ஃபோன் எது?"

தனிஸ்லாஸ் குருவின் கைபேசியை எட்டிப் பார்த்துத் தேடினார்.

"ஃபோட்டோஷாப் தொண்ணூறு சதவீதம்னு ஒரு பட்டை போட்டிருக்கீங்க."

"ஆமா."

"மிச்சப் பத்துல என்ன தெரியாது?"

"அப்படிக் குறிப்பா ஒண்ணும்..."

"தெரியாததை என்ன துல்லியமா அளந்திருக்கீங்க! கீழேயே இன்னொண்ணு. குழுவாகப் பணியாற்றும் திறன் எண்பத்தஞ்சு சதவீதம். மிச்சத்துல என்ன செய்வீங்க? சண்டை போடுவீங்களா?"

"ஒரே ஒரு தடவை," என்றார் தனிஸ்லாஸ்.

அவர் உண்மையைத்தான் சொன்னார். குரு டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கேட்டார்:

"டாக்ஸி செயலிக்குப் புது வடிவம் கொடுத்திருக்கீங்க. அவங்க கேட்டாங்களா?"

"கேக்கல. நானாத்தான் பண்ணேன்."

"சாப்பாடு கொண்டு வர்ற செயலி?"

"அவங்களும் கேக்கல."

"பேங்க்?"

"யாருமே கேக்கல டீச்சர்! கேட்டிருந்தா நான் ஏன் இங்க வர்றேன்?" என்றார் தனிஸ்லாஸ். "சுத்தி வளைக்காம ஒண்ணு சொல்லுங்க. இந்த போர்ட்ஃபோலியோவை எப்படித்தான் நல்லா ஆக்குறது?"

கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. இந்த இடத்தில் குரு கண்ணை மூடுவார் என்று வாசகர் எதிர்பார்க்கலாம். மூடவில்லை. காரணம், அந்த நேரம் அவருடைய அப்பா சௌந்தரபாண்டி வேட்டியை மடித்துக் கட்டியபடி உள்ளே வந்தார்.

"பவளம், ஞாயித்துக்கிழமை ரெண்டு ஹாலும் புக் ஆயிருச்சு."

"நல்லதுதானேப்பா."

"என்ன நல்லது! மேல சைவக் கல்யாணம். கீழ மட்டன் பிரியாணி. போன தடவை இப்படி ஒரே நாள்ல ரெண்டு வந்து என்ன ஆச்சு? மேல வந்தவன் பாதிப் பேரு கீழ உக்காந்து சாப்பிட்டுப் போயிட்டான். மாப்பிள்ளையோட தாய்மாமன் பந்திக்கு வர்றப்ப அண்டாவுல கரண்டி மட்டும்தான் இருந்துச்சு. தாய்மாமனுக்குத் தயிர்சாதம் போட்ட மண்டபம்னு ஊரு பூரா பேரு. இனி ஒரு தடவை அப்படி ஆச்சுன்னா பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். வர்ற கூட்டம் மாறிப் போகாம இருக்க என்னதாம்மா வழி?"

குரு தனிஸ்லாஸின் பக்கம் திரும்பினார்.

"இதோ, ஒருத்தர் கேக்குறார்," என்றார்.

தனிஸ்லாஸ் சனிக்கிழமை வரை தூங்கவில்லை என்று சொல்வது மிகை. ஆனால் வாசலில் வைக்கும் வழிகாட்டிப் பலகையில் ஒரு அம்புக்குறியின் வளைவுக்காக ஒரு பகல் முழுவதையும் செலவழித்தார் என்பதற்குச் சாட்சி உண்டு. பலகையை அச்சடித்த ஃப்ளெக்ஸ் கடைக்காரர்தான் அந்தச் சாட்சி.

"அண்ணே, ஓரத்துல பூ வைக்கலாமா?"

"வேண்டாம்."

"ஒரு பிள்ளையாராவது?"

"வேண்டாம்."

"அப்ப ரெண்டு யானை?"

"ஒண்ணும் வேண்டாம். இருக்கிறது இருக்கிறபடி."

இருந்தது இதுதான். வெள்ளைப் பின்னணி. மெல்லிய சாம்பல் நிறத்தில் இரண்டு வரி. இரண்டு அம்புகள். சுற்றிலும் தாராளமான வெற்றிடம். பலகையை வாசலில் நிறுத்தியபோது சௌந்தரபாண்டி அதை முன்னால் நின்றும் பக்கவாட்டில் நின்றும் பார்த்தார்.

"தம்பி, பாதி போர்டு காலியா இருக்கு. அச்சடிக்க மறந்துட்டாங்களா?"

"அது கண்ணு மூச்சு விடுறதுக்கு ஐயா."

"கண்ணு எப்பத் தம்பி மூச்சு விட ஆரம்பிச்சுச்சு?" என்றார் சௌந்தரபாண்டி. ஆனால் நல்ல மனிதர். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் வரத் தொடங்கியது. தனிஸ்லாஸ் பலகைக்குப் பக்கத்தில் புதுச் சட்டையோடு நின்றார்.

முதலில் வந்த குடும்பம் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. வெள்ளைப் பின்னணியில் பட்டுப்புடவை எடுப்பாக விழுந்தது என்று அவர்களே பாராட்டினார்கள். அடுத்து வந்தவர் அதன் காலில் குழந்தையின் பலூனைக் கட்டினார். அதற்கடுத்து வந்தவர்கள் அதன் நிழலில் செருப்பை விட்டார்கள். பிறகு, பெரிய மீசை வைத்த ஒருவர் பலகைக்கு எதிரே வந்து நின்று, கண்ணாடி போட்டு, அதை முழுவதுமாகப் பார்த்தார். தனிஸ்லாஸின் நெஞ்சு நிமிர்ந்தது.

"தம்பி, இங்க வா. மனை எங்க இருக்கு? நத்தம் ரோட்டுப் பக்கமா?"

"மனையா? இது மனை விளம்பரம் இல்லீங்க. எந்தக் கல்யாணம் எந்த ஹால்னு காட்டுற போர்டு."

"அப்படியா? ஒண்ணுமே இல்லாம இம்புட்டு இடம் கிடக்கவும் பிளாட்டுன்னு நெனச்சுட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டு தவறான ஹாலுக்குள் போனார்.

தனிஸ்லாஸ் பலகையைத் திருப்பிப் போட்டார். பின்பக்கத்தில் மார்க்கரால் பெரிய பெரிய எழுத்தில் இரண்டு கல்யாணத்தையும் எழுதினார். அம்புகளைத் தடித்த கோடாகப் போட்டார். சனிக்கிழமை வரை இருந்த தனிஸ்லாஸ் பார்த்திருந்தால் இந்த எழுத்தை எழுதியவனோடு பேசியிருக்க மாட்டார். ஆனாலும் பயனில்லை. வந்தவர்கள் பலகைக்கு முன்னால் ஒருவரையொருவர் கண்டு, "எப்ப வந்தீங்க?" என்று நலம் விசாரித்து, அங்கேயே வட்டமாக நின்று அதை முற்றாக மறைத்தார்கள். வட்டம் கலைந்தபோது எல்லோரும் சேர்ந்து ஒரே பக்கமாகப் போனார்கள். பிரியாணியின் பக்கமாக.

அவர்கள் அனைவரும் வழி தவறியவர்கள் அல்லர் என்பதையும் குறித்து வைப்பது நேர்மை. தாளிப்பு வாசனை வாசல் வரை வந்துகொண்டிருந்தது.

தனிஸ்லாஸ் மாடிப்படியில் உட்கார்ந்தார். குரு ஒரு தொன்னையில் கேசரி கொண்டு வந்து அவர் கையில் வைத்தார்.

"எப்படிப் போகுதுண்ணே?"

"ஒருத்தர்கூடப் படிக்கல டீச்சர். இப்பவே கீழ மொதப் பந்தியில பாதி மேல் ஹால் ஆளுங்கதான். உங்கப்பா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு தெரியல."

"படிக்கல, சரி. எதைத்தான் பாக்குறாங்க?"

"என்ன?"

"வந்து இறங்குறாங்கள்ல. எதைப் பாக்குறாங்கன்னு கேட்டேன்," என்றார் குரு. யாரோ கூப்பிட, போய்விட்டார்.

தனிஸ்லாஸ் கேசரியைத் தின்றபடி வாசலைப் பார்த்தார். அதுவரை அவர் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒரு அம்மாள் இறங்கி, புடவையை நீவி, தலையை உயர்த்தினார். அவருடைய பார்வை பலகைக்கு மேலே போனது. கூட்டத்தின் தலைகளுக்கு மேலே இடது பக்கம் துழாவியது, வலது பக்கம் துழாவியது. எங்கும் நிற்காமல் திரும்பி வந்தது. முகம் கொஞ்சம் வாடியது. பிறகு அவர் முன்னால் போகிறவர்களின் பின்னால் நடந்தார்.

அடுத்து ஒரு வேன். அதிலிருந்து இறங்கியவர்களும் அப்படியே தலையை உயர்த்தினார்கள், துழாவினார்கள், கிடைக்காமல் கூட்டத்தோடு நடந்தார்கள்.

தனிஸ்லாஸ் தொன்னையை வைத்துவிட்டு, வேனிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணிடம் ஓடினார்.

"அக்கா, ஒரு நிமிசம். நீங்க எந்த ஹால்?"

"எந்த ஹால்னு எனக்கு என்னப்பா தெரியும்? எங்க சுகந்தி மதினி எங்க நிக்குதோ அந்த ஹால்."

"அவங்க எங்க நிக்கிறாங்க?"

"அதத்தானே தேடிக்கிட்டு இருக்கேன்!"

சுகந்தி மதினி மேல் ஹாலின் வாசலில் நின்றார். அவருக்கு முன்னால் சின்ன மேஜை. அதன்மேல் சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு, பன்னீர்ச் சொம்பு. வருகிறவர்களைச் சந்தனம் கொடுத்து வரவேற்கும் மேஜையை ஹால் வாசலில் போடுவது வழக்கம். மண்டபம் கட்டிய நாளிலிருந்து அங்கேதான் போடுகிறார்கள். கீழ் ஹாலின் வாசலிலும் அதேபோல் ஒரு மேஜை இருந்தது. அதன் பின்னால், மணப்பெண்ணின் சித்தப்பா ராக்கண்ணன் ஆள் உயரப் பூ வளைவுக்குள் மறைந்து நின்றுகொண்டிருந்தார். தெருவிலிருந்து பார்த்தால் இருவருமே தெரியவில்லை.

தனிஸ்லாஸ் மூச்சிரைக்க மாடி ஏறினார்.

"அக்கா, நீங்க இந்த மேஜையோட கீழ வந்து தெரு வாசல்ல நிக்கணும்."

"தெருவுலயா? ஹால் வாசல்ல வரவேக்காம ரோட்டுல நின்னு வரவேக்க நான் என்ன ஜவுளிக்கடை பொம்மையா?"

"உங்க ஆளுங்க உங்களைக் காணாமத் தேடுறாங்கக்கா."

"வருவாங்க, மேல ஏறினா நான் நிக்கிறேன்ல?"

"அவங்க மேல ஏறல. கீழ போயி பிரியாணி சாப்பிடுறாங்க."

சுகந்தி மதினி சந்தனக் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எங்களது சைவக் கல்யாணமய்யா!"

"அதான்க்கா."

"தூக்குய்யா மேஜைய!"

ராக்கண்ணனைச் சம்மதிக்க வைக்க இவ்வளவு பேச வேண்டியிருக்கவில்லை. "பிரியாணி தீந்துரும் போல இருக்கு" என்ற ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அவர் மேஜையைத் தானே தூக்கி வந்தார்.

தெரு வாசலின் இடது பக்கம், மாடிப்படிக்கு நேராக, சுகந்தி மதினி நின்றார். வலது பக்கம் ராக்கண்ணன் நின்றார். வந்து இறங்கியவர்கள் தலையை உயர்த்தினார்கள். முகம் கிடைத்தது. முகம் கிடைத்ததும் கால்கள் தாமாக அந்தப் பக்கம் திரும்பின.

"வாங்க சித்தப்பா! முட்டி தேவலையா? படி ஏறணும், கைப்பிடிய விட்டுறாதீங்க. ஏ வனிதா, என்னடி தனியா வர்ற? அவருக்கு லீவு கிடைக்கலையா? சரி, மேல போ, உங்கம்மா கோவமா உக்காந்திருக்கு. அடடே, செவந்தியப்பன் மகனா இது? எம்புட்டு வளந்துட்ட!"

எதிர்ப்பக்கம் ராக்கண்ணனின் குரல் தெரு முனை வரை கேட்டது.

"மாப்ள, இங்கிட்டு! அங்கிட்டுப் போனா உனக்கு வாழைக்காய்தான்! வாங்க டாக்டரய்யா, உங்களுக்கு எலும்பில்லாத பீஸா எடுத்து வைக்கச் சொல்லிருக்கேன். ஏய் குட்டி, பன்னீரைக் குடிக்காதே!"

பெரிய மீசைக்காரர் கீழ் ஹாலிலிருந்து வெளியே வந்தார். சுகந்தி மதினியைக் கண்டார். சுகந்தி மதினியும் அவரைக் கண்டார்.

"அண்ணே, நீங்க எங்க அங்கிருந்து வர்றீங்க?"

"மனை ஒண்ணு பாக்கப் போனேன்," என்றார் அவர். வாயைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினார்.

ஒரு முதியவர் மட்டும் இரண்டு மேஜையிலும் சந்தனம் வாங்கிக்கொண்டார். இரண்டு வீட்டுக்கும் சொந்தம் என்றார். இரண்டு பந்தியிலும் சாப்பிட்டார். அது தவறில் சேராது.

கடைசிப் பந்தி வரை பிரியாணி வந்தது. இந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் தேர்ந்தெடுத்த துண்டுகளோடு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு, மண்டபத்தைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார். சௌந்தரபாண்டி தனிஸ்லாஸைத் தேடி வந்து, ஒரு முழு இலையை அவர் முன்னால் விரித்தார். அன்றைக்குத் தனிஸ்லாஸுக்குச் சாப்பாடு இறங்கியது.

கூட்டம் வடிந்த பிறகு, அதே நீள மேஜையில், அதே மின்விசிறிக்கு அடியில், குருவும் சீடரும் உட்கார்ந்தார்கள். தனிஸ்லாஸ் மதுரை நிறுவனத்துக்கான கடிதத்தைக் கைபேசியில் எடுத்துக் காட்டினார்.

குரு சத்தமாக வாசித்தார்.

"'உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தின் வளர்ச்சியில் பங்கெடுக்கும் பேரார்வத்துடன்...' அண்ணே, இதுல வேற கம்பெனி பேர் இருக்கு."

தனிஸ்லாஸ் கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். இருந்தது. முந்தைய விண்ணப்பத்தின் மிச்சம். அழித்துவிட்டுச் சரியான பெயரைப் போட்டார்.

"இப்ப சரியா டீச்சர்?"

"இப்ப இது யாருக்கு எழுதினது?"

"மதுரைக்கு."

"அதுக்கு முன்னாடி?"

"வேற ஊருக்கு."

"பேர் மட்டும் மாத்தினா போதுமா இருந்துச்சு, இல்ல?" என்றார் குரு. "முட்டி வலியோட ஒருத்தர் வந்தாரே, சுகந்தி மதினி அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க?"

தனிஸ்லாஸ் நினைத்துப் பார்த்தார். பிறகு கடிதத்தை மேலிருந்து கீழ்வரை தேர்ந்தெடுத்து அழித்தார். கைபேசியில் அந்த நிறுவனத்தின் செயலியை இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது கடிதம் இப்படித் தொடங்கியது: 'உங்கள் செயலியில் டோக்கன் எடுக்கச் சொல்லி என் மாமியாரை உட்கார வைத்தேன். எந்த மருத்துவர் என்று தேர்ந்தெடுக்கும் திரையில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நேரிலேயே போய்க்கொள்கிறேன் என்றார். அந்தத் திரையில் அவர் எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியும்.'

குரு வாசித்தார். கட்டைவிரல் நின்றது.

"என்ன தேடினாங்க?"

"டாக்டரோட முகத்தை. நீங்க பேரை வரிசையா எழுதி வச்சிருக்கீங்கன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்களுக்கு அந்தக் கண்ணாடி போட்ட டாக்டர்தான் தெரியும்."

"நான் எழுதி வைக்கல. மதுரைக்காரங்க."

"மன்னிச்சிருங்க. வேகத்துல சொல்லிட்டேன்."

குரு கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதில் ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை.

"சரி, இப்பவாவது சொல்லுங்க டீச்சர்," என்றார் தனிஸ்லாஸ். "செவ்வாய்க்கிழமை கேட்டது. போர்ட்ஃபோலியோவை என்ன செய்யட்டும்?"

"அந்தச் சாஞ்ச ஃபோனை எல்லாம் ஊருக்கு அனுப்பி வைங்க. முதல் பக்கத்துல இன்னைக்கு நடந்ததைப் போடுங்க."

"இன்னைக்கு நடந்ததையா? போர்டு தோத்துப் போச்சே!"

"அதைப் போடுங்க."

"பிளாட்டுன்னு கேட்டாரே ஒருத்தர்?"

"அதைப் பெரிய எழுத்துல போடுங்க."

"மார்க்கர்ல எழுதினேன். எழுத்தெல்லாம் கோணலா இருக்கும்."

"அதையும் படம் எடுங்க."

"சரி, தோத்ததை எல்லாம் போட்டாச்சு," என்றார் தனிஸ்லாஸ். "ஜெயிச்சதுக்கு எதைக் காட்டுறது? ரெண்டு மேஜைய நகத்தினேன், அவ்வளவுதான். வரைஞ்சது ஒண்ணுமில்ல. அழகா ஒண்ணுமில்ல. நான் செஞ்ச வேலை அங்க யார் கண்ணுக்கும் தெரியவே இல்லையே. எதை வச்சுப் பக்கம் போடுவேன்?"

சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. குரு அந்தப் பக்கம் காதைச் சாய்த்தார்.

"ஓடுங்கண்ணே," என்றார். "போன தடவை கரண்டி மட்டும் இருந்த அண்டாவுல இன்னைக்கு அடியில ஒரு பங்கு பிரியாணி மிச்சம் இருக்கு. கழுவுறதுக்குள்ள படம் எடுங்க."

தனிஸ்லாஸ் எழுந்தார். கைபேசியோடு ஓடினார்.

விண்ணப்பம் திங்கட்கிழமை போனது. முதல் பக்கத்தில் ஒரு அண்டாவின் அடிப்பகுதி இருந்தது. புதன்கிழமை மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முன்பே, அரிசி சீரகச் சம்பாவா என்று கேட்டார். அடுத்து, பலகை ஏன் தோற்றது என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத் தனிஸ்லாஸ் பதில் சொல்லி முடிப்பதற்குள் கைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவர்களே மறுபடி அழைத்தார்கள்.

அவர் வேலையில் சேர்ந்தார். டைல்ஸ் கடையில் மச்சான் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். பூப்போட்டதை மனதார விரும்பும் ஆள்.

சில மாதம் கழித்து அந்த நிறுவனம் இன்னொரு வடிவமைப்பாளர் தேவை என்று விளம்பரம் வெளியிட்டது. பட்டப்படிப்பு, அனுபவம், மென்பொருள்கள் என்று வழக்கமானவை எல்லாம் இருந்தன. அவற்றுக்கு அடியில், கூடுதல் தகுதி என்ற தலைப்பின் கீழ், ஒரே ஒரு வரி இருந்தது: 'கல்யாண வாசலில் சந்தனம் கொடுத்தவர்களுக்கு முன்னுரிமை.'